தொகுரா தட்டிய கதவு

வெம்பிளியில் ஒரு வீட்டின் ஒடுங்கிய கொரிடோரில், சாத்திய முன்கதவுக்கு உள்பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் யாருடையதோ குளிர்கோட்டுகள் உரசின. காலடியில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. குசினிப் பக்கமிருந்து மீன்குழம்பு வாசம் வந்தது.

கதவுக்கு வெளியே ஜப்பானிய நடிகர் ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் கமரா, விளக்குகள், மழைக்கோட்டுப் போட்ட ஒரு கூட்டம். சின்னச் சத்தமும் வரக் கூடாது, மூச்சைக்கூட மெல்ல விடுங்கள் என்று ஒலிப்பதிவுக்காரர் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எனக்கோ ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறினேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெளியே நிற்கிறவர் இந்த முறையும் பழையபடியே செய்தால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் கதவைத் தட்டினார்.

ஒசாக்காச் சந்தைப் பேச்சு

ஒசாக்காவில் மதிய உணவுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் நான் வேலை செய்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த, ஹரோவில் வசிக்கும் வாசகி ஒருவர் கோயிலில் என்னை மறித்து, அந்த ஜப்பான் மொழியை லண்டனுக்கு வந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஜப்பானில் என் கணவரின் படிப்பு முடிந்து இங்கே வந்த பிறகு, எனக்குச் சோறு போட்டது தமிழ்தான். ஆஸ்பத்திரிகளில், கவுன்சில் அலுவலகங்களில், அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக ஓடித் திரிந்தேன். ஜப்பான் மொழி அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலைபோல இருந்தது. எப்போதாவது எடுத்து உதறிப் பார்ப்பேன்.

சில வருடங்களுக்கு முன், இலைகள் கொட்டத் தொடங்கியிருந்த காலம், ஒரு படக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். வழக்கமாக வருகிற மொழிபெயர்ப்பாளருக்குக் கால் முறிந்துவிட்டதாம். ஜப்பானிலிருந்து ஒரு நாடக நடிகர் வந்திருக்கிறார், அவரோடு காலையிலிருந்து மாலை வரை நிற்க வேண்டும் என்றார்கள். படம், நடிகர் என்றதும் எனக்குள் ஒரு பரபரப்பு. இரவெல்லாம் சொற்களை ஞாபகப்படுத்திக்கொண்டு கிடந்தேன்.

அவரை இங்கே தொகுரா என்று சொல்கிறேன். அது அவருடைய பெயரல்ல. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். மற்றப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஹோட்டல் வாசலில் அவரைச் சந்தித்து, என்னால் இயன்ற மரியாதைச் சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்து வணக்கம் சொன்னேன். அறுபது தாண்டிய மனிதர். ஒட்ட வெட்டிய நரைமயிர், நேரான முதுகு. நான் சொன்னதை முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் சிரித்துவிட்டார்.

கியோத்தோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும், ஒசாக்காச் சந்தையில் மீன் விற்கிற பெண்ணின் பேச்சைத்தான் கேட்க வேண்டியிருக்கிறதா என்றார். தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்ற பெண்களிடம் படித்த மொழி அது. வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவர் அதை மாற்றச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இதைக் கேட்பது நன்றாக இருக்கிறது, இந்தக் குளிரில் காதுக்கு இதமாக இருக்கிறது என்றார்.

நோ

அவர் ஜப்பானின் பழைய மேடைக் கலையான நோ நாடகத்தின் நடிகர். தகப்பனும் தகப்பனின் தகப்பனும் அதே மேடையில் ஆடியவர்கள். முகமூடி அணிந்து, வெள்ளைக் காலுறையோடு பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்து நடந்து, பேய்களாகவும் பெண்களாகவும் போர்வீரர்களாகவும் வருவார். சினிமா அவருக்கு எப்போதாவது வருகிற விருந்தாளி. அதுவரை ஜப்பானில் நாலைந்து படங்களில் தலைகாட்டியிருந்தார். ஒன்றில் துறவி, ஒன்றில் கம்பெனித் தலைவர். ஒன்றில் பிரபு ஒருவரின் பிணம். பிணமாக நடித்ததுதான் தன்னுடைய ஆகச் சிறந்த படம், அதில் யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை என்று சொல்லுவார்.

படப்பிடிப்பு நடந்த வீட்டின் சொந்தக்காரர் நம்மவர், பரமேஸ் அண்ணை. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைப் படக்காரருக்கு விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய் இருக்கச் சொன்னால், காலையில் வந்து பின்வளவுக் கொட்டிலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். சொந்த வீட்டை ஆர் தனிய விட்டிட்டுப் போவினம் என்பது அவர் கேள்வி. மதியத்தில் குசினிக்குள் புகுந்து தனக்கு ஒரு குழம்பும் வைத்துக்கொள்வார். படக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள்.

முதல் நாளே என்னிடம் விசாரித்தார்.

"தங்கச்சி, உவர் என்ன நடிகர்?"

"நோ நடிகர் அண்ணை."

"நோவோ? பாவம். எங்கை நோ?"

நான் சிரித்த சிரிப்பில் தொகுரா திரும்பிப் பார்த்தார். விளக்க வேண்டியதாயிற்று. எங்கள் மொழியில் நோ என்றால் வலி, தலைநோ, வயிற்றுநோ என்று சொல்லுவோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பரமேஸ் அண்ணையைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நெஞ்சு நோவாம்," என்றார் பரமேஸ் அண்ணை. "மனிசனுக்கு ஒரு பிளேன்டீ போட்டுக் குடுப்பம்."

காத்திருக்கிற வேலை

சினிமாவில் நடிப்பு கொஞ்சம், காத்திருப்பு அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது இவ்வளவு என்று நினைத்திருக்கவில்லை. வெயில் வந்தால் மேகத்துக்குக் காத்திருந்தோம். மேகம் வந்தால் மழை விடுவதற்குக் காத்திருந்தோம். வீட்டுக்குப் பின்னால் மெட்ரோபொலிட்டன் ரயில் பாதை. ரயில் போய் முடியும்வரை எல்லாரும் வாய்மூடி நின்றோம். ஒன்று போய்ச் சத்தம் ஓய்வதற்குள் மற்றப் பக்கத்திலிருந்து இன்னொன்று வரும்.

தொகுராவுக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. அவருடைய மேடையில் ஒருமுறை எல்லாரும் கூடி ஒத்திகை பார்ப்பார்களாம். பிறகு ஆட்டம். தொடங்கினால் முடிவுவரை ஒரே மூச்சு. மறுநாள் அது இல்லை. இங்கே முடிவை முதலில் எடுத்தார்கள். நடுவில் சாப்பாட்டுக்கு விட்டார்கள். அவருக்கென்று ஒதுக்கிய வண்டிக்குள் அவர் ஒருநாளும் இருக்கவில்லை. தெருவில் மேலும் கீழும் நடப்பார். குஜராத்திக் கடை, தமிழ்ச் சலூன், பஸ் தரிப்பு, திரும்ப வீடு. நானும் பின்னாலே நடப்பேன். காருக்குள் இருந்தாலும் இரண்டு கையும் தொடையில் தாளம் போட்டபடி இருக்கும்.

அந்த நடையில்தான், கேட்காமலே, தன் மகனைப் பற்றிச் சொன்னார். ஒரே மகன். மூன்று தலைமுறை மேடை அவனிடம் போக வேண்டும். இருபது வயதைத் தாண்டியதும், ஒரு முக்கியமான ஆட்டத்துக்கு முதல்நாள், எனக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இப்போது வடக்கே ஒரு பட்டணத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கிறான். அன்றிலிருந்து அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று தான் கட்டளை போட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது கடைக் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த வெண்டிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஏன் சினிமாவில் நடிக்கிறீர்கள் என்று கேட்டேன். எனக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகத்தான் தோன்றியது.

சம்பந்தம் இருந்தது. மகன் தகப்பனின் அரங்குக்கு ஒருநாளும் வர மாட்டான். ஆனால் சின்ன வயதிலிருந்தே பயிற்சிக்கு ஒளித்துப் படம் பார்க்க ஓடுகிறவன். என்றாவது தொலைக்காட்சியில், விமானத்தில், தற்செயலாக ஒரு படத்தில் தகப்பனின் முகம் வந்துவிடலாம். வந்தால் படத்தை நிறுத்த மாட்டான் என்று நினைக்கிறேன் என்றார். பிணமாக நடித்ததும் அதற்காகத்தானா என்று நான் கேட்கவில்லை.

ஒன்றுபோல ஒன்று

இந்தப் படத்தில் அவருக்கு நல்ல பாத்திரம். லண்டனில் இருக்கும் மகளைத் தேடி வருகிற தகப்பன். மகள் கதவைத் திறப்பதில்லை. அவர் வாசலில் நின்று கெஞ்சிவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். கதையைப் படித்தபோதே, யார் எழுதியது, எனக்குத் தெரிந்தவர் யாராவதா என்று தபாலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

இயக்குநர் கிளேர் என்ற பெண். நாற்பது வயதிருக்கும். தலைமயிரைக் கையில் கிடைத்த பென்சிலால் குத்தி முடிந்துகொண்டு, நின்ற இடத்தில் நிற்காமல் அலைகிறவர். தொகுராவின் மேடை ஆட்டத்தைக் கியோத்தோவில் பார்த்துவிட்டுத் தேடிப்போய் அழைத்து வந்தவர்.

வாசல் காட்சியைக் காலையில் தொடங்கினார்கள். தொகுரா தட்டினார், வசனத்தைச் சொன்னார், காத்திருந்தார். பிறகு வலக்கையை மெல்ல உயர்த்தி, உள்ளங்கையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, தலையைச் சற்றே தாழ்த்தினார். நோ மேடையில் அதுதான் அழுகை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நல்லது, இன்னொரு முறை, வேறு மாதிரி என்றார் கிளேர். அவர் இன்னொரு முறை செய்தார். அதே இடத்தில் அதே மூச்சு, அதே உயரத்தில் அதே கை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். காட்சிகளின் தொடர்ச்சியைக் கவனிக்கிற பெண், ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் விளிம்பு பிசகாது என்று வியந்து சொன்னார். கிளேருக்கு அது வியப்பாக இல்லை. தெருவோரம் போய் சிகரெட் பற்றவைத்து, இழுக்காமலே எறிந்தார்.

இதே முறைப்பாட்டை நான் வேறு அறைகளில் கேட்டிருக்கிறேன்.

அகதி விசாரணைகளில் நம் பிள்ளைகள் தங்கள் கதையைச் சொல்லுவார்கள். முதலில் ஒரு அதிகாரிக்கு, பல மாதங்கள் கழித்து இன்னொருவருக்கு, பிறகு நீதிபதிக்கு. ஒரு சொல் மாறினால், போன முறை வேறு மாதிரிச் சொன்னாயே என்பார்கள். சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தால், பாடமாக்கி வந்திருக்கிறான் என்பார்கள். ஒரு பெடியன், வவுனியாப் பக்கம், தன் தமையனை ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டுபோன விதத்தை ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தில் சொன்னான். ஏன் மாற்றாமல் சொல்கிறாய் என்று கேட்டார்கள். வேறை மாதிரி நடக்கேல்லையே என்றான். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் குரலை உயர்த்தக் கூடாது. அவனுக்கு விசா கிடைத்தது. இப்போது விம்பிள்டன் பக்கம் வீட்டுத் தரை பதிக்கிற வேலை செய்கிறான்.

அதனால் கிளேரின் சலிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

குசினியில் கேட்டது

மதியச் சாப்பாட்டு நேரம், குசினியில் கிளேரும் தயாரிப்பாளரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். மொழிபெயர்ப்பாளரை யாரும் ஆளாக நினைப்பதில்லை. நாங்கள் மேசை கதிரை மாதிரி. பாரிஸில் ஒரு ஜப்பானிய நடிகர் இருக்கிறார், சினிமாக்காரர், இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று தயாரிப்பாளர் சொன்னார். கிளேர் மறுக்கவில்லை. தொகுராவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டார்.

தண்ணீர்க் கிளாசோடு நான் அப்படியே நின்றேன். இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பின்னேரம் அந்த மனிதருக்குப் பக்கத்தில் ஒரே காரில் எப்படிப் போவது?

சொல்லிவிட்டேன். நீங்கள் அவரை மாற்றுவதென்றால் மாற்றுங்கள், ஆனால் அவருடைய முகத்துக்கு நேரே சொல்லுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். தயாரிப்பாளர் என்னை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். கிளேர் முகம் சிவந்து, நீங்கள் சொல்வது சரி என்றார்.

பின்வளவில், பரமேஸ் அண்ணையின் கொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கிளேர் தொகுராவிடம் சொன்னார். மென்மையாகத்தான் சொன்னார். உங்கள் நடிப்பு அழகாக இருக்கிறது, ஆனால் அந்த மகள் உள்ளே இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, எல்லாம் முன்பே முடிந்துபோனதுபோல இருக்கிறது, வேறு ஒருவரை யோசிக்கிறோம். நான் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

தொகுரா கேட்டு முடித்துத் தலையாட்டினார்.

"அவர் சொல்வது சரி," என்றார். "கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. என் மேடையில் நான் தனியாக நின்றதே இல்லை. பக்கத்தில் பாடுகிறவர்கள் இருப்பார்கள், முதுகுக்குப் பின்னால் மேளக்காரர் மூச்சு விடுவது கேட்கும். இங்கே ஒரு பலகையிடம் பேசுகிறேன். பலகைக்கு ஒருமுறை சொன்னது போதாதா?"

மகளாக நடிக்கிற பெண் அடுத்த வாரம்தான் வருகிறார். தொகுரா என்னைக் காட்டினார். நான் சொல்வது விளங்குகிற ஒருவர் உள்ளே நிற்கட்டும், ஒருமுறை பார்ப்போம், பிறகு உங்கள் விருப்பம் என்றார். கிளேர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. என் தோளில் கைபோட்டு வீட்டுக்குள் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார்.

கதவுக்கு உள்ளே

அப்படித்தான் நான் அந்தக் கோட்டுகளுக்கு நடுவில் வந்து நின்றேன்.

அவர் தட்டியதும் வசனம் வந்தது. நான்தான், கொஞ்சம் திறக்கிறாயா, உள்ளே வரமாட்டேன், முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன். காலையிலிருந்து எத்தனையோ முறை கேட்ட வரிகள்தான். வெளியே நின்று கேட்டபோது அவை ஒரு நடிகரின் வரிகள். உள்ளே நின்று கேட்டபோது என்னிடம் கேட்பதுபோல இருந்தன.

இவ்வளவு காலமும் ஒருவர் சொன்னதை வாங்கி மற்றவரிடம் கொடுப்பதுதான் என் வேலை. சொல் என்னிடம் தங்குவதில்லை. இப்போது கொடுப்பதற்கு ஆளில்லை. அந்தச் சொற்கள் வந்து என்மேல் விழுந்து அங்கேயே கிடந்தன. கையைக் கதவில் வைத்தேன். திறக்க வேண்டும்போல இருந்தது. திறக்கக் கூடாது. காலை மாற்றி ஊன்றினேன்.

பலகைத் தரை கிறீச்சிட்டது.

வெளியே வசனம் பாதியில் நின்றது. நான் காட்சியைக் கெடுத்துவிட்டேன், இனி அவரைப் பாரிஸ்காரர் வந்து மாற்றப் போகிறார் என்று நினைத்தேன். யாரும் நிறுத்து என்று சொல்லவில்லை.

"கவோரு," என்றார் தொகுரா.

கதையில் மகளின் பெயர் அதுவல்ல.

"கவோரு, நீ அங்கேதான் நிற்கிறாய். கேட்கிறது." பிறகு, கியோத்தோ வீட்டுப் பேச்சில், மிகச் சாதாரணமாக, "சாப்பிட்டாயா?" என்றார்.

பின்னால் ஒரு ரயில் வந்து போனது. அதற்கும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில், நிறுத்து என்று கிளேரின் குரல் கேட்டது. நான் கதவைத் திறந்தேன். தொகுரா படியில் நின்றார். கை கண்ணுக்கு முன்னால் போகவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கின. முகத்தில் எந்த ஒழுங்கும் இல்லை. மூக்கிலிருந்து நீர் வடிந்தது. துடைக்கத் தெரியாதவர்போல நின்றார்.

கிளேர் ஓடிவந்து என்னிடம், என்ன சொன்னார் என்று கேட்டார்.

நான் தொகுராவைப் பார்த்தேன். சொல்லவா என்று கேட்டேன். சொல் என்றார். சொன்னேன். கவோரு யார் என்று கிளேர் கேட்டார். என் மகன் என்றார் தொகுரா. அதையும் மொழிபெயர்த்தேன்.

கிளேர் மிகத் தயங்கிக் கேட்டார்: இது பெண்ணுக்கு வைக்க முடியாத பெயரா? தொகுரா, இரண்டு பேருக்கும் வைக்கலாம், பிறப்பதற்கு முன்பே மனைவி தேர்ந்தெடுத்த பெயர் என்றார். அப்படியானால் கதையில் மகளின் பெயரை மாற்றிவிடுகிறேன், இன்னும் யாரும் பழைய பெயரைச் சொல்லி நடிக்கவில்லை, இந்தக் காட்சியை வைத்துக்கொள்ள விடுங்கள் என்றார் கிளேர்.

தொகுரா வேண்டாம் என்றார். அது படத்துக்காகச் சொன்னதல்ல, அழித்துவிடுங்கள் என்றார்.

கிளேர் வாதாடவில்லை. நீங்கள் அழிக்கச் சொன்னால் அழிக்கிறேன், நாளைக் காலை வரை மட்டும் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு, பென்சிலைத் தலையிலிருந்து உருவித் திரும்பக் குத்திக்கொண்டு போனார்.

ஹாங்கர் லேன்

அன்று பின்னேரம் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. உலையில் அரிசி போட்டதையும் மறந்து, ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீர் மொழிபெயர்க்கத்தானே போனனீர்," என்றார். "தீர்ப்புச் சொல்லப் போகேல்லையே. வந்து இரும்."

"இருக்க ஏலாமல் கிடக்கு," என்றேன்.

என்ன முடிவு வர வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அழித்தால் அந்த மனிதரின் மானம் பத்திரம். அழித்தால் அந்த மகன் அதை ஒருநாளும் கேட்கப் போவதில்லை. இரண்டையும் மாறி மாறி எடுத்துப் பார்த்தேன். சோறு அடிப்பிடித்தது.

மறுநாள் காரில் தொகுரா பேசவில்லை. தொடையில் தாளமும் இல்லை. ஹாங்கர் லேன் சுற்றுவட்டத்தில் வாகனங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்றன. அங்கேதான் வாய் திறந்தார்.

"என் மாணவர்கள் பார்ப்பார்கள். சங்கத்துப் பெரியவர்கள் பார்ப்பார்கள். இந்தப் பெயர் அவர்கள் எல்லாருக்கும் தெரியும்."

நான் ஓம் என்பதுபோலத் தலையாட்டினேன். அவர் என்னிடம் கேள்வி கேட்கவில்லை.

"நான்தான் அந்தப் பெயரை நிறுத்தினேன்," என்றார் பிறகு. "மற்றவர்கள் அதைத் திரும்பத் தொடங்க முடியாது."

வெம்பிளிக்குப் போனதும் நேரே கிளேரிடம் நடந்தார். பாதத்தை இழுக்காமல், சாதாரண மனிதர்போல வேகமாக நடந்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இதைப் பற்றி எந்தப் பேட்டியிலும் தன்னிடம் கேட்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை என்றார். கிளேர் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், பாதியில் நிறுத்திக் குனிந்து வணங்கினார்.

அன்று எடுத்த மற்றக் காட்சிகளில் அவர் பழையபடி ஒன்றுபோல ஒன்று செய்தார். கிளேர் வேறு மாதிரிச் செய்யச் சொல்லவில்லை.

படம் வந்த பிறகு

படம் வெளிவர ஒரு வருடத்துக்கு மேலானது. லண்டனில் ஒரு சின்ன அரங்கில் ஓடியது. பரமேஸ் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனோம். வாசல் காட்சி வந்ததும் நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். கிறீச் என்ற என் காலடிச் சத்தம் அந்த அரங்கு முழுக்கக் கேட்டது. பிறகு அந்தப் பெயர். எனக்கு முன் வரிசையில் ஒரு பெண் கைப்பையைத் திறந்து கைக்குட்டை தேடினார்.

"என்ரை கதவு வடிவாய் வந்திருக்கு," என்றார் பரமேஸ் அண்ணை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு நான் தொலைபேசியை அடிக்கடி எடுத்துப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். தொகுரா புதுவருடத்துக்கு வாழ்த்து அனுப்பினார். மகனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. ஜப்பானில் படம் ஓடியது, அரங்கிலிருந்து எடுத்தும் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

வசந்த காலத்தில் ஒரு காலை அவர் வீடியோவில் அழைத்தார். வேட்டைக்காரன் முயலைத் தூக்கி வந்ததுபோல இருந்தது முகம். பெருமையா பயமா என்று சொல்ல முடியவில்லை.

வீட்டில் நடந்தது இதுதான். படம் அந்த வடக்குப் பட்டணத்துக்குப் போனபோது, அவருடைய மனைவி மகனுக்குத் தொலைபேசி எடுத்து, போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறார். அப்போதுதான் இவருக்குத் தெரிந்தது, இத்தனை வருடமும் மனைவி மகனோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இவருடைய தங்கையும் பேசியிருக்கிறாள். மூத்த மாணவன்கூடப் பேசியிருக்கிறான். இவர் ஒருவர்தான் கட்டளைக்குள் இருந்திருக்கிறார்.

மகன் படம் பார்த்தான். இரண்டு கிழமை கழித்துத் தாயிடம், அப்பா லண்டனில் போய் ஏன் கதவு தட்டுகிறார், என் விலாசம் உங்களிடம் இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறான்.

"போனீர்களா?" என்று கேட்டேன். எழுந்து நின்றுவிட்டேன்.

போயிருக்கிறார். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்ததாம். மகனுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் இருவரும் குசினியில் நின்றபடியே நூடில்ஸ் சாப்பிட்டிருக்கிறார்கள். லிஃப்ட் எப்படிப் பழுதாகும் என்று இவர் கேட்க, அவன் விலாவாரியாக விளக்கினானாம். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். மேடையைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

அவன் திரும்ப வரச் சொன்னானா என்று கேட்டேன்.

"சொல்லவில்லை," என்றார் தொகுரா. "ஆனால் புறப்படும்போது மழை. வீட்டில் ஒரு குடைதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரை கூட வந்தான்."